வாசிப்புத் தலை தடுமாறும்போது: அறிகுறியை வைத்து ஹார்ட் டிஸ்க் பிழையைக் கண்டறிதல்

ஹார்ட் டிஸ்க்கில் பிழை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பிழை ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா? ஒரே இடத்தில் நிற்கும் பிழை பெரும்பாலும் தட்டின், அதாவது தரவு எழுதப்பட்டிருக்கும் சுழலும் வட்டின், பிழை. இடம் மாறும் பிழை, அந்தத் தட்டைப் படிக்கும் வாசிப்புத் தலையின் பிழை. இல்லாவிட்டால் தலைக்குப் போய்ச் சேரும் மின்சாரம், வெப்பம், அதிர்வு இவற்றில் ஒன்றின் பிழை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஃபார்மட் செய்வதும், ‘சரிசெய்யும்’ மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுவதும் காப்பாற்றியிருக்கக்கூடிய பல ஹார்ட் டிஸ்க்குகளைக் கொன்றுவிடுகின்றன. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் தெபாலில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருபவை செம்பனைத் தோட்ட அலுவலகங்களின் சம்பளக் கணக்குக் கணினிகள், தமிழ்ப்பள்ளிக் கணினிகள், கோயில் நிர்வாகத்தின் வரவு செலவுக் கணக்கு, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டிகள். இவற்றில் பலவற்றுக்கு மாற்றுப் பிரதி இருக்காது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தலைக்குள் என்ன நடக்கிறது

தலையின் நுனியில் உள்ள காந்த உணரி, தட்டில் எழுதப்பட்ட பிட்டுகளின் காந்தப் புலத்தை மின்தடை மாற்றமாகக் காட்டுகிறது. 1988இல் அல்பேர் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த மாபெரும் காந்தத்தடை விளைவு, 1997இல் ஐபிஎம் நிறுவனத்தின் 16.8 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க்கில் விற்பனைக்கு வந்தது. 2007இல் அவ்விருவருக்கும் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று வரும் தலைகளில் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறையான சுரங்கக் காந்தத்தடை உணரி. இரண்டு காந்த அடுக்குகள், அவற்றின் நடுவே ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிப்பில் மக்னீசியம் ஆக்சைடு. ஓர் அடுக்கின் திசையை இரிடியம்-மாங்கனீசு அடுக்கு ஒன்று அசையாமல் பிடித்து வைத்திருக்கும். மற்றது திரும்பும் அடுக்கு. தட்டின் புலத்துக்கு ஏற்ப அதன் திசை மாறும். இரண்டின் திசையும் ஒன்றுபட்டால் தடை குறையும், எதிரெதிரானால் கூடும்.

தடுமாற்றம் பிறப்பது திரும்பும் அடுக்கில்தான். அது முழுவதும் ஒரே காந்தக் களமாக, அதாவது ஒரே திசையில் காந்தமான ஒரே பகுதியாக, இருந்தால் சீராகத் திரும்பும். ஓரங்களில் சிறு களங்கள் உருவாகிவிட்டால் தாவித் தாவித் திரும்பும். 1919இல் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் இரும்பில் ஒலியாகக் கேட்ட தாவல்களும் இவ்வகைதான். இதைத் தடுக்க உணரியின் இரு பக்கமும் கோபால்ட்-பிளாட்டினக் கலவையில் நிலைக்காந்தங்களை வைத்தார்கள். பிந்தைய வடிவமைப்புகளில் பக்கக் கவசங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரின் வேலை அது. இறுக்கிப் போட்டால் தேர் நகராது, தளர்த்திப் போட்டால் வீதியை விட்டு விலகும். பக்கக் காந்தம் வலுத்தால் உணரி மந்தமாகும். மெலிந்தால் இரைச்சல் ஏறும்.

கடை வைப்பதற்கு முன் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தலைகளைச் சோதிக்கும் வரிசையில் வேலை பார்த்தேன். தலையை வெளிக் காந்தப் புலத்தில் வைத்து, புலத்தை ஒரு திசையிலிருந்து மறுதிசைக்கு ஏற்றி இறக்குவோம். திரையில் தடை ஒரு சாய்கோடாக எழும். நல்ல தலையில், திரும்பி வரும் கோடு போன கோட்டின் மேலேயே படியும். சந்தேகத்துக்குரிய தலையில் கோட்டின் நடுவே ஒரு சிறு படி தெரியும். மறுபடி புலத்தை ஏற்றினால் அந்தப் படி சற்றுத் தள்ளி வேறிடத்தில் இருக்கும். தோட்டங்களிலிருந்து ஆலைப் பேருந்தில் வந்து வேலை பார்த்த அக்காமார்கள் இயந்திரம் ‘தோல்வி’ என்று சொல்வதற்கு முன்பே அந்தப் படியைப் பார்த்துத் தலையைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அடுத்தடுத்த ஓட்டத்தில் இடம் மாறும் அந்தப் படிதான், உங்கள் கணினியில் இடம் மாறும் பிழையாகத் தலைகாட்டுகிறது.

ஆலையில் இதற்கு மருந்து உண்டு. அடுக்குகளைக் காந்தப் புலத்தில் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். வலுவான புலத்தில் வைத்துப் பக்கக் காந்தத்தை மீண்டும் திசைப்படுத்துவார்கள். தேறாததைக் கழித்துக் கட்டுவார்கள். மூடிய ஹார்ட் டிஸ்க்கில் இவற்றுள் எதையும் நாம் செய்ய முடியாது. நம் கையில் இருப்பவை இரண்டு: தலையைத் தடுமாற வைக்கும் சூழலை நீக்குவது, தடுமாறும் தலையிலிருந்து தரவை முறையாக எடுப்பது.

அறிகுறி: எப்போது படித்தாலும் அதே செக்டர்கள்தான் தோற்கின்றன

இது தட்டின் பிழை. செக்டர் என்பது தட்டில் தரவு எழுதப்படும் சிறு துண்டு. ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) பட்டியலில் 197 என்ற எண்ணில் உள்ள ‘நிலுவை செக்டர்’ கணக்கைப் பாருங்கள். அது சிறிய எண்ணாக இருந்து, நாளுக்கு நாள் ஏறாமல் நின்றால் தலையைச் சந்தேகிக்க வேண்டாம். தரவைப் பிரதி எடுத்துவிட்டு அந்தச் செக்டர்களின் மேல் புதிதாக எழுதினால், ஹார்ட் டிஸ்க் அவற்றை மீண்டும் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் உதிரி இடத்துக்கு மாற்றிவிட்டு 5ஆம் எண்ணில் கணக்கு வைக்கும். கணக்கு ஏறிக்கொண்டே போனால் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: பிழை இடம் மாறுகிறது, மறுபடி படித்தால் வந்துவிடுகிறது

மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவது இதுதான். இன்று திறக்காத கோப்பு நாளை திறக்கும். நேற்றுத் திறந்த கோப்பு இன்று திறக்காது. கணினி இடையிடையே உறைந்து நின்று தானாகவே மீளும். அந்த உறைநிலையில் ஹார்ட் டிஸ்க் சும்மா இல்லை. தலையை இம்மியளவு தள்ளிப் பார்க்கிறது, தலையைத் தட்டுக்கு நெருக்கும் சூடேற்றியின் அளவை மாற்றுகிறது, அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்கிறது. ஏதோ ஒரு முறை உணரி சரியான நிலையில் அமையும்போது படிப்பு தேறிவிடுகிறது. பயனரும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார். அருகில் உள்ள தோட்டம் ஒன்றின் கிராணி (எழுத்தர்) ஐயா ஒருவர் என்னிடம், “காலையில் சம்பளப் பட்டியல் நன்றாகத்தானே திறந்தது தம்பி, கெட்டுப்போனது எப்படித் திறக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தடுமாறும் உணரி பெரும்பாலான நேரம் சரியாகவே படிக்கும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

முதல் வேலை பிரதி. சோதனை அதற்குப் பின். விண்டோஸின் வழக்கமான நகலெடுப்பு வேண்டாம். ஒரு கோப்பில் சிக்கினால் அங்கேயே மோதிக்கொண்டிருக்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) போன்ற கருவியை எடுங்கள். வரைபடக் கோப்பு ஒன்றை அதற்குக் கொடுப்பதை ஒருபோதும் மறக்காதீர்கள். எந்த இடம் வந்தது, எந்த இடம் வரவில்லை என்பதை அது அதில் குறித்துவைக்கும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஓட்டத்தில் வராத இடத்தைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். எளிதாக வருவது முதலில் வந்து சேரட்டும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் அந்த வரைபடக் கோப்பின் பிரதியைத் தனியே வைத்துக்கொண்டு, விட்ட இடங்களுக்கு மட்டும் இரண்டாம் ஓட்டம் விடுங்கள். தரவை எடுக்கும் இந்த வேலையே உங்களுக்குச் சோதனையாகவும் அமையும். விட்ட இடங்களில் பெரும்பகுதி இரண்டாம் ஓட்டத்தில் வந்துவிட்டால், கோளாறு தட்டில் இல்லை. எதுவுமே வராமல் அதே இடங்கள் மீதி நின்றால் தட்டுதான். கொஞ்சம் வந்து கொஞ்சம் நின்றால், கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி ஒரு முறை படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

தட்டில் இல்லை என்று தெரிந்தாலும் உடனே தலையின் மேல் பழி போட வேண்டாம். ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண் ஏறியிருந்தால் தரவுக் கேபிளை மாற்றுங்கள். அந்த எண் திரும்பக் குறையாது. எனவே இன்றைய மதிப்பை எழுதி வைத்து, மாற்றிய பின் மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள். அடுத்து மின்சாரம். ஹார்ட் டிஸ்க் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். 5 வோல்ட் இணைப்பு 4.75க்கும் 5.25க்கும் இடையிலும், 12 வோல்ட் இணைப்பு 11.4க்கும் 12.6க்கும் இடையிலும் நிற்க வேண்டும். எல்லைக்குள் இருந்தாலும் மீட்டரில் எண் துள்ளிக்கொண்டிருந்தால் மின்வழங்கியை மாற்றிப் பாருங்கள். உணரியிலிருந்து வரும் சைகை மிகச் சிறியது; அதைப் பெரிதாக்கும் முன்பெருக்கிக்குள் மின்வழங்கியின் இரைச்சல் நுழைந்தால், நல்ல தலையும் கெட்ட தலை போலவே நடந்துகொள்ளும்.

1ஆம் எண்ணான ‘வாசிப்புப் பிழை விகிதம்’ பலரை வீணாகக் கலங்கடிக்கிறது. சீகேட் ஹார்ட் டிஸ்க்குகளில் அதன் மூல மதிப்பு கோடிக்கணக்கில் நிற்பது இயல்பு. படித்த தடவைகளின் எண்ணிக்கையும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 187 என்ற எண்ணில் திருத்த முடியாத பிழைகளின் கணக்கு இருக்கும். அது ஏறினால் கவனியுங்கள்.

கேபிளும் மின்சாரமும் சரி என்றால், பிரதி எடுத்த பின் வாசிப்பு வேக வரைபடம் ஒன்றை எடுங்கள். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் கோடு தட்டின் வெளி விளிம்பில் உயரத்தில் தொடங்கி, உள் விளிம்பை நோக்கிச் சீராக இறங்கும். ஒரு தலை மட்டும் தடுமாறினால் அந்தக் கோட்டில் சீரான இடைவெளியில் பள்ளங்கள் விழும்: கொஞ்சம் நல்ல பகுதி, கொஞ்சம் மந்தமான பகுதி, மறுபடி நல்ல பகுதி, மறுபடி மந்தம். ஹார்ட் டிஸ்க் தரவை ஒரு தலையில் கொஞ்சம், அடுத்த தலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைப்பதால்தான் இந்தக் கோலம். நான்கு தலைகளில் ஒன்று நோயுற்றிருந்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடம் மந்தமாகத் தெரியும். இந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டால் வேறு சான்று தேவையில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்கை ‘இன்னும் ஓடுகிறதே’ என்று மறுபடி பயன்படுத்தாதீர்கள், மலிவு விலைக்கு யாருக்கும் விற்காதீர்கள்.

அறிகுறி: காலையில் சரி, பிற்பகலில் பிழை

வெப்பம். 194ஆம் எண்ணைக் காலையிலும் பிற்பகலிலும் குறித்து ஒப்பிடுங்கள். சாதாரண மேசைக் கணினி ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 60 பாகை செல்சியஸ் வரை அனுமதி என்று விவரக்குறிப்பில் இருக்கும். அது உச்ச வரம்பு. அங்கேயே குடியிருக்கலாம் என்று பொருளில்லை. வெப்பம் ஏற ஏறத் திரும்பும் அடுக்கின் காந்த நடுக்கம் கூடும், அதனால் இரைச்சலும் கூடும். அசையாமல் பிடித்து வைக்கும் அடுக்கின் பிடியும் வெப்பத்தில் தளரும். நல்ல உணரி இந்த அளவு வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். முன்பே பலவீனமான உணரிதான் பிற்பகலில் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர்போனது பாதுகாவலர் சாவடியின் தகரக் கூரைக்குக் கீழே, பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கும் கேமராப் பதிவுப் பெட்டி. திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் அடியிலும் மேலேயும் துளையிட்டு, பூச்சி புகாத வலை அடித்து, ஒரு சிறு விசிறி பொருத்துங்கள். 40 பாகைக்கு அருகில் நிறுத்த முடிந்தால் போதும். வெப்பத்தைக் குறைத்த பிறகு பிழை நின்றாலும், பிரதி எடுத்துவிட்டு அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கண்காணிப்பில் வையுங்கள்.

ஈரப்பதம் தனி விஷயம். குளிரூட்டிய அலுவலகத்தில் நாள் முழுக்க இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்த கையோடு இயக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் பனித்துவிடும். பையிலேயே வைத்து, சூடு சமமான பின் இணையுங்கள். ஹீலியம் அடைத்த வகைகளைத் தவிர மற்ற ஹார்ட் டிஸ்க்குகளில் மூச்சுத்துளை ஒன்று உண்டு. அதை ஒட்டுத்தாளால் மூடாதீர்கள்.

அறிகுறி: நிறைய எழுதியவுடன் படித்தால் பிழை

வாசிக்கும் உணரிக்கு மிக அருகிலேயே எழுதும் சுருள் இருக்கிறது. எழுதும்போது அதன் புலமும் வெப்பமும் உணரியையும் சுற்றியுள்ள காந்தக் கவசங்களையும் உலுக்கும். எழுதி முடித்ததும் கவசத்தின் களங்கள் பழைய இடத்திலேயே அமைய வேண்டும். பலவீனமான தலையில் அவை ஒவ்வொரு முறையும் வேறு விதமாக அமையும். அதனால் வாசிப்புச் சைகையின் வீச்சும் மாறும். சோதனை வரிசையில் இதற்கென்றே எழுதிப் படிப்பது, மறுபடி எழுதிப் படிப்பது என்று பலமுறை செய்து வீச்சின் ஏற்ற இறக்கத்தை அளப்போம்.

கடையில் இதைப் பிரித்தறியும் வழி எளிது. தரவு எதுவும் இல்லாத நிலையில், ஒரு பெரிய கோப்பை எழுதி உடனே சரிபாருங்கள். பிழை வந்தால், எதையும் எழுதாமல் கணினியை அணைத்து இயக்கிவிட்டு அதே கோப்பை மறுபடி சரிபாருங்கள். இப்போது சரியாக வந்தால், எழுதியது நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, படித்தபோதுதான் உணரி தடுமாறியது. மறுபடியும் பிழை என்றால் எழுதும் பக்கமே பலவீனம். இரண்டிலும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் முதல் வகையில் பழைய தரவு முழுவதும் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு பிரதி எடுக்கலாம். இரண்டாம் வகையில் அண்மையில் எழுதிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே நம்ப வேண்டும். பள்ளித் தேர்வு மதிப்பெண்கள் போன்றவற்றில் இந்த வேறுபாடு பெரிது.

அறிகுறி: திருவிழா நாளில் மட்டும், ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும்

அதிர்வு. உணரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தலை தடத்தை விட்டு விலகுகிறது, அவ்வளவுதான். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் வரிசையின் முன் நின்று உரக்கக் கத்தினார். மறுமொழி நேரம் எகிறியதைத் திரையிலேயே காட்டினார். மனிதக் குரலுக்கே இந்தப் பாடு என்றால், கோயில் அலுவலக அறையின் சுவரை ஒட்டி வைத்த ஒலிபெருக்கிக்கு எப்படி இருக்கும்? ஒலிபெருக்கியில் உள்ள காந்தம் தரவை அழித்துவிட்டது என்று சொல்வார்கள். அந்தத் தொலைவில் அது நடக்காது, அதிர்வுதான் காரணம். பதிவுப் பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். மேசை விசிறியும் கணினியும் ஒரே மேசையில் வேண்டாம்.

அறிகுறி: இடி மின்னலுக்குப் பிறகு, அல்லது கையால் தொட்ட பிறகு

சுரங்கக் காந்தத்தடை உணரியைச் சில வோல்ட் நிலைமின்னே கெடுத்துவிடும். மனித விரலுக்கு நிலைமின் ‘சுருக்’ என்று தெரிவதற்கே ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். அதாவது நமக்கு எதுவும் தெரியாமலே தலை செத்துவிட முடியும். சில வேளைகளில் அது முழுக்கச் சாகாது: நொடிப்பொழுது சூட்டில் அசையாமல் இருக்க வேண்டிய அடுக்கின் திசை புரண்டுவிடும், சைகை தலைகீழாகவோ ஒருபக்கம் சாய்ந்தோ வரும்.

ஆனால் மூடிய ஹார்ட் டிஸ்க்கில் அடி முதலில் விழுவது வெளிப்புற மின்பலகையில்தான். பலகையில் மின்னழுத்தத்தைத் தடுக்கும் டையோடு தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம். கருகிய வாசனை, தட்டு சுழலவே இல்லை என்றால் நம்பிக்கை உண்டு. ஒரே மாதிரிப் பலகையை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கின் தலைகளுக்கே உரிய அளவீடுகள் பலகையில் உள்ள ரோம் (ROM) என்ற நினைவகச் சில்லில் இருக்கின்றன. அதையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர் செய்ய வேண்டாம்.

அறிகுறி: ‘டக், டக்’ என்ற சத்தம்

வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். மெலிந்த நீண்ட யுஎஸ்பி கேபிளில், கணினியின் முன்பக்கத் துளையில் மாட்டியிருந்தால் மின்சாரம் போதாமலும் இந்தச் சத்தம் வரும். குட்டைக் கேபிளோடு பின்பக்கத் துளையில் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அடங்கினால் உடனே பிரதி எடுங்கள்.

அடங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். தட்டில் எழுதியிருக்கும் வழிகாட்டித் தடங்களைத் தலையால் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் அது தட்டின் குறுக்கே தேடி ஓடுகிறது. தலை உடைந்திருந்தால் ஒவ்வொரு ஓட்டமும் தட்டைக் கீறும். மூடியைத் திறக்காதீர்கள், படிக்கும்போது தலைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், நம் அறைத் தூசு எதுவும் அதற்குள் அடங்காது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் வித்தையும் வேண்டவே வேண்டாம். நம் காற்றில் அதை வெளியே எடுத்த நிமிடத்தில் நீர் பனிக்கும்.

தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் நிலைமின் தடுக்கும் பையில் இட்டு, பஞ்சணைத்து அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: சத்தம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் பிழை இடம் மாறியதா நின்றதா, கீழே விழுந்ததா, இடி இருந்ததா, எந்த மென்பொருளை ஓட்டினீர்கள், எந்தக் கோப்புறை முதலில் வேண்டும். பகுதிப் பிரதி எடுத்திருந்தால் வரைபடக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே வந்த இடங்களை அவர்கள் மறுபடி படிக்க வேண்டியிருக்காது.